கலண்டர்த் தாளில் கிடக்கும் பொடி எழுத்து: பஞ்சாங்கம் வாசிக்கப் பழகுவோம்

வருஷம் பிறக்கிற நேரத்தில் பலசரக்குக் கடை, நகைக்கடை, உரக்கடை என்று ஆளாளுக்கு ஒரு கலண்டர் தருவார்கள். வன்னியில் அநேகமான வீடுகளில் அது சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். காலையில் தாளைக் கிழிப்போம், திகதியைப் பார்ப்போம், அடுத்த போயா லீவு எப்போது என்று பார்ப்போம், அதோடு சரி. திகதிக்குக் கீழே பொடி எழுத்தில் "தசமி பி.ப 3.12 வரை, பின் ஏகாதசி. பூசம் மு.ப 9.40 வரை. இராகு 10.30 - 12.00" என்று கிடப்பதை வீட்டில் அம்மம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிப்பார். பிறகு ஒருநாள் வீட்டுக்கு அத்திவாரம் வெட்டவோ பிள்ளைக்கு ஏடு தொடக்கவோ வரும்போது ஐயரிடம் ஓடுவோம், அவர் சொல்வதில் பாதி விளங்காது, தலையை ஆட்டிவிட்டு ஒரு துண்டில் நேரத்தை எழுதிக்கொண்டு வருவோம். அந்தப் பொடி எழுத்தை நீங்களே வாசிக்கிற அளவுக்குச் சொல்லித்தருவதுதான் இந்தக் கட்டுரை. சாத்திரம் சொல்லப் பழக்குவது என் வேலையில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். அந்தத் தாளில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. "தசமி 3.12 வரை" என்பது வானத்தில் சூரியனும் சந்திரனும் எங்கே நிற்கின்றன என்று கணித்துப் போட்டது, கிரகணத்துக்கு நேரம் சொல்கிற அதே வகைக் கணக்கு. "இராகு 10.30 - 12.00" அப்படியல்ல, அது பகலை எட்டாக வெட்டி ஒரு துண்டை இராகுவுக்கு என்று பெரியவர்கள் ஒதுக்கிவைத்த வழக்கம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் வானத்தைப் பார்த்தால் புதிதாக ஒன்றும் தெரியாது. முதலாவது கணக்கு, இரண்டாவது நம்பிக்கை. இரண்டையும் ஒரே தாளில் ஒரே அளவு எழுத்தில் அச்சடிப்பதால் நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றுகிறது.

ஐந்து உறுப்பு

பஞ்ச அங்கம், அதாவது வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். வாரம் என்பது வெறும் கிழமைதான், ஆனால் பஞ்சாங்கத்துக்கு நாள் நள்ளிரவில் தொடங்காது, சூரியன் உதிக்கும்போதுதான் தொடங்கும். வெள்ளி இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை பிறந்தால் ஆஸ்பத்திரித் துண்டில் சனிக்கிழமை என்று இருக்கும், சாதகக் குறிப்பில் வெள்ளிக்கிழமை என்று இருக்கும். இரண்டும் சரி.

திதிதான் இதில் உயிர். மணிக்கூட்டில் சின்ன முள்ளும் பெரிய முள்ளும் ஒரே வட்டத்தில் வேறு வேறு வேகத்தில் ஓடுவதுபோல, வானத்தில் சூரியன் ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது, சந்திரன் ஏறத்தாழ 13 பாகை நகர்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்வது அமாவாசை. அதிலிருந்து சந்திரன் 12 பாகை முந்தினால் பிரதமை என்ற முதல் திதி முடிந்தது, 24 பாகை முந்தினால் இரண்டாவதான துவிதியை முடிந்தது, இப்படியே 180 பாகை எட்டும்போது பௌர்ணமி முடிகிறது. சுற்று முழுவதற்கும் 30 திதி. வளர்கிற பதினைந்தைப் பூர்வபக்கம் என்றும் தேய்கிற பதினைந்தை அபரபக்கம் என்றும் நம் பக்கத்துப் பஞ்சாங்கத்தில் போடுவார்கள். சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, பூமிக்குக் கிட்ட வந்தால் விரைவாகவும் தூரப் போனால் மெதுவாகவும் போகும். அதனால் ஒரு திதி சிலவேளை 20 மணித்தியாலத்தில் முடிந்துவிடும், சிலவேளை 26 மணித்தியாலத்துக்கு மேலும் இழுக்கும். கலண்டரில் திதி காலை, மத்தியானம், நடுச்சாமம் என்று கண்டபடி மாறுவது இதனால்தான்.

திதி என்பது ஏதோ கோயில் விஷயம் என்று நினைக்காதீர்கள், இந்த நாடே மாதம் ஒருமுறை பௌர்ணமி என்ற ஒரு திதிக்காகக் கந்தோர்களை மூடுகிறது, அதைத்தான் போயா என்கிறோம். 1966 முதல் 1971 வரை அதற்கும் மேலே போய், சனி ஞாயிறு லீவை எடுத்துவிட்டு அமாவாசை, அட்டமி, பௌர்ணமி, மறுபடி அட்டமி என்று சந்திரனைப் பார்த்தே வாராந்த லீவு விட்டார்கள். கிழமைக்கு எத்தனை வேலை நாள் என்று ஒழுங்காகச் சொல்லமுடியாத காலம் அது. அரசாங்கக் கலண்டரில் போயா ஒரு நாளும் பஞ்சாங்கத்தில் பௌர்ணமி விரதம் முதல்நாளோ மறுநாளோ வருகிற மாதங்களும் உண்டு, அதில் யாரும் பிழை விடவில்லை. திதி இரண்டு நாளிலும் தொட்டுக்கொண்டு கிடக்கும்போது எந்த நாளை எடுப்பது என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதி. பொதுவான காரியத்துக்கு உதயத்தில் இருக்கிற திதி. பிரதோஷத்துக்குப் பொழுதுபடும் நேரத்துத் திரயோதசி. திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம் எடுத்துச் சிவராத்திரி விழிப்பவர்களுக்கு நடுச்சாமத்தில் சதுர்த்தசி இருக்கவேண்டும்.

வன்னியில் திதியைத் தேடி வருகிறவர்களில் அநேகர் திவசத்துக்காகத்தான் வருகிறார்கள். ஆட்டைத் திவசத்திலிருந்து அதற்குப் பிறகு வருஷா வருஷம் செய்வது வரைக்கும் திகதி பார்ப்பதில்லை, செத்த தமிழ் மாதமும் பக்கமும் திதியும்தான் கணக்கு. அதனால்தான் நினைவு மலரில் திதி வெண்பா என்று ஒன்று போடுகிறார்கள். வருஷத்தின் பேர், மாதம், பக்கம், திதி எல்லாவற்றையும் நாலு வரிக்குள் கட்டிவிடுவார்கள், பின்னால் வருகிற பிள்ளைகள் மறக்கமுடியாது. இதில் கவனிக்கவேண்டியது நேரம். மேலே சொன்ன தாளையே எடுங்கள், அன்று பின்னேரம் 2 மணிக்குச் சீவன் போயிருந்தால் தசமி, 4 மணிக்குப் போயிருந்தால் ஏகாதசி. வெறும் திகதியை மட்டும் கொண்டுபோய் ஐயரிடம் நீட்டினால் அவர் "எத்தனை மணிக்கு?" என்று கேட்பது அதனால்தான். நேரமென்ன, நாளே தெரியாத வீடுகள் இங்கே குறைவில்லை. 2009-க்குப் பிறகு எத்தனையோ பேர் அப்பாவுக்கு ஆடி அமாவாசையிலும் அம்மாவுக்குச் சித்திரா பௌர்ணமியிலும் விரதமிருப்பதோடு நிற்கிறார்கள், அந்த இரண்டும் எல்லாருக்கும் பொதுவான நாள் என்பதால் அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

நட்சத்திரம் இதைவிட இலகு. வான வட்டத்தை 27 பங்காக வெட்டினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), சந்திரன் இன்று எந்தப் பங்கில் நிற்கிறதோ அதுதான் இன்றைய நட்சத்திரம். சூரியனைப் பற்றிய பேச்சே இதில் இல்லை. மாதம் மட்டும் சூரியனுடையது, அது ஒரு இராசியிலிருந்து அடுத்ததுக்குப் போகிற நேரம்தான் மாசப்பிறப்பு. வற்றாப்பளை அம்மன் பொங்கலைப் பாருங்கள், மாதம் வைகாசி, நட்சத்திரம் விசாகம், அதை ஒட்டி வருகிற திங்கட்கிழமை. சூரியன், சந்திரன், கிழமை மூன்றையும் சேர்த்துப் பிடித்துத்தான் அந்த நாள் விழுகிறது, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல்நீரில் விளக்கெரிக்கிற நாளும் வருகிறது. ஆங்கிலத் திகதியை வைத்துக்கொண்டு "போன வருஷம் எத்தனையாம் திகதி வந்தது" என்று கேட்டால் பிரயோசனமில்லை.

தோட்டம் செய்கிற ஆட்கள் நட்சத்திரத்தை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று மூன்றாகப் பிரித்து, மண்ணுக்கு மேலே வளர்வதற்கு ரோகிணி, பூசம், உத்தரம், திருவோணம் போன்ற மேல்நோக்கு நாளும், கிணறு வெட்ட, மரவள்ளி, கச்சான் போடப் பரணி, மகம், மூலம், விசாகம் போன்ற கீழ்நோக்கு நாளும் நல்லது என்பார்கள். இது வானக்கணக்கின் மேல் கட்டிய வழக்கம். முல்லைத்தீவுப் பக்கத்து மணலில் கச்சான் விளைவது பரணி நட்சத்திரத்தாலா மணலாலா என்று என்னைக் கேட்டால் மணல் என்றுதான் சொல்வேன்.

யோகமும் கரணமும் நமக்கு அதிகம் தேவைப்படாது. சூரியன் நிற்கிற பாகையையும் சந்திரன் நிற்கிற பாகையையும் கூட்டி 27 ஆகப் பிரித்தால் யோகம், திதியில் பாதி கரணம், கரணம் மொத்தம் 11. தாளில் "சித்தயோகம்", "மரணயோகம்" என்று போட்டிருப்பது இந்த யோகமே இல்லை, அது கிழமையையும் நட்சத்திரத்தையும் பொருத்திப் பார்க்கிற வேறொரு பட்டியல். அமிர்தமும் சித்தமும் நல்லது, மரணம் ஆகாது, அவ்வளவு தெரிந்தால் போதும்.

நாழிகையும் இரண்டு பஞ்சாங்கமும்

கலண்டரை விட்டுவிட்டு முழுப் பஞ்சாங்கப் புத்தகத்தை எடுத்தால் மணிக்குப் பதிலாக நாழிகையும் விநாழிகையும் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, ஒரு நாழிகை 24 நிமிஷம், இரண்டரை நாழிகை ஒரு மணித்தியாலம், எண்ணத் தொடங்குவது சூரிய உதயத்திலிருந்து. "தசமி நா. 22 வி. 30" என்றால் இருபத்திரண்டரையை இரண்டரையால் பிரியுங்கள், 9 மணித்தியாலம். அன்றைக்கு 6.12-க்கு உதயம் என்றால் பின்னேரம் 3.12 வரை தசமி. இவ்வளவுதான் அந்தப் பெரிய வித்தை.

அடுத்த தலையிடி, எந்தப் பஞ்சாங்கம் என்பது. நம் பக்கத்தில் இரண்டு ஓடுகிறது, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. வாக்கியம் பழைய முறை. வரருசியின் பேரில் வழங்குகிற 248 சந்திர வாக்கியங்களை வைத்துச் சந்திரனின் இடத்தைக் கணிப்பது. சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து தூரப் போய் மறுபடி கிட்ட வருவதற்கு 27 நாளும் கொஞ்சமும் எடுக்கும், அப்படி ஒன்பது சுற்றுப் போனால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள், அதனால் நாளுக்கு ஒரு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுத்துகளே இலக்கங்கள், மனப்பாடம் செய்துவைத்தால் கைக்கணக்கிலேயே பஞ்சாங்கம் போட்டுவிடலாம். என்ன மூளையப்பா அது! திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைக் கொண்டு திருத்திப் போடுவது. இரண்டுக்கும் இடையில் திதி முடிவதில் சில மணித்தியால வித்தியாசம் வரும், சூரியன் இராசி மாறுகிற நேரத்திலும் வித்தியாசம் வரும், அதனால் சித்திரை வருஷப்பிறப்பு ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் இரண்டு நேரமாக வருகிறது. வருஷம் பிறக்கிற நேரத்துக்கு முன்னே நாலு மணித்தியாலம், பின்னே நாலு மணித்தியாலம் விஷு புண்ணியகாலம். இரண்டு பஞ்சாங்கத்தின் புண்ணியகாலமும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற நேரம் அநேகமாக இருக்கும், அதற்குள் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகினால் இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

எது சரி என்று கேட்டால், சந்திரன் உண்மையில் எங்கே நிற்கிறது என்பதற்குத் திருக்கணிதம்தான் சரி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கோயில் வாக்கியத்தில் நடக்கிறது என்றால் நீங்களும் வாக்கியத்தைப் பிடியுங்கள், கொடியேற்றத்தை ஒரு கணக்கிலும் உங்கள் விரதத்தை இன்னொரு கணக்கிலும் வைத்துக்கொண்டு அல்லாடுவதில் பயனில்லை. வசதியான நேரம் கிடைக்கிற பக்கமாகத் தாவுவதுதான் கூடாது. காலையில் வாக்கியம், பின்னேரம் திருக்கணிதம் என்றால் பிறகு நாள் எதற்குப் பார்ப்பது?

இராகு காலம், உங்கள் வளவில் எத்தனை மணிக்கு

திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30, வெள்ளி 10.30 முதல் 12, புதன் 12 முதல் 1.30, வியாழன் 1.30 முதல் 3, செவ்வாய் 3 முதல் 4.30, ஞாயிறு 4.30 முதல் 6. இதைப் பாடமாக்க "திருநாள் சந்தடியில் வெயிலில் புகுந்து விளையாடச் செல்வது ஞாயமா" என்று ஒரு வசனம் உண்டு, ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு கிழமை. காலை முதல் ஒன்றரை மணித்தியாலம் எந்தக் கிழமையிலும் இராகுவுக்கு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? விடியவே காரியத்தைத் தொடங்குகிற ஆளுக்கு இராகு தொந்தரவில்லை.

ஆனால் இந்த மணிகள் சூரியன் சரியாக 6-க்கு உதித்து 6-க்குப் படுகிற ஊருக்கு. விதி என்னவோ உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைக்கும் உள்ள பகலை எட்டாகப் பிரி என்பதுதான். கிளிநொச்சியில் தை மாதக் கடைசியை எடுத்துக்கொள்வோம், ஆங்கிலத்துக்குப் பெப்ரவரி முற்பகுதி. உதயம் கிட்டத்தட்ட 6.30, அஸ்தமனம் 6.14. பகல் 704 நிமிஷம், எட்டில் ஒன்று 88 நிமிஷம். வெள்ளிக்கிழமை இராகுவுக்கு நாலாவது துண்டு, அப்படியென்றால் 10.54 முதல் 12.22 வரை. கலண்டரைப் பார்த்து "பன்னிரண்டு அடித்துவிட்டது, இராகு போய்விட்டது" என்று 12.05-க்கு நிலை வைக்கிறவர் அசல் கணக்குப்படி இராகுவுக்கு நடுவில்தான் நிலை வைக்கிறார். ஆனி மாதத்தில் அதே வெள்ளிக்கு 10.35 முதல் 12.10 வரை வரும், பகல் நீளம் என்பதால் துண்டும் 95 நிமிஷம். நம்புவதானால் ஒழுங்காகக் கணக்குப் பார்த்து நம்புங்கள் என்பதுதான் என் கட்சி.

மணிக்கூடு ஒன்றும் சூரியன் வேறொன்றும் என்பது வன்னி ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996 மே மாதம் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது, அதே வருஷம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பி எடுத்தது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. ஓமந்தையைத் தாண்டினால் கைமணிக்கூட்டைத் திருப்பவேண்டும், கல்யாண அழைப்பிதழில் பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்கவேண்டும். உதயத்திலிருந்து நாழிகை எண்ணுகிறவருக்கு மட்டும் அந்தப் பத்து வருஷத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

எமகண்டமும் குளிகையும் இதே எட்டுத் துண்டில் வேறு துண்டுகள். குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்பதால் நகை வாங்க நல்லதென்றும் பிரேதம் எடுக்க ஆகாதென்றும் வைத்திருக்கிறார்கள். சுபநேரம் என்று தாளில் போடுவது பெரும்பாலும் கௌரி பஞ்சாங்கம், அதுவும் பகலை எட்டாக்கி அமிர்தம், லாபம், தனம், விஷம், சோரம் என்று பேர் வைத்ததுதான். ஓரை கொஞ்சம் சுவாரசியமானது. மணித்தியாலத்துக்கு ஒரு கிரகம், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன், சனி, குரு, செவ்வாய் என்ற ஒழுங்கில் சுற்றிச் சுற்றி வரும். ஞாயிறு காலை சூரியனில் தொடங்கி 24 ஓரை எண்ணிப் பாருங்கள், அடுத்த நாள் காலை முதல் ஓரை சந்திரனில் வந்து நிற்கும், அதனால் அது திங்கள். கிழமைகள் ஏன் இந்த ஒழுங்கில் வருகின்றன என்பதற்கு விடை இதற்குள்தான் இருக்கிறது. சந்திராட்டமம் உங்கள் இராசிக்கு எட்டாம் இராசியில் சந்திரன் நிற்கிற இரண்டேகால் நாள், மாதம் ஒருதடவை எல்லாருக்கும் வரும். கரிநாள் தமிழ் மாதத் திகதிகளில் நிரந்தரமாகக் குறித்து வைத்தவை, தை 1, 2, 3 மூன்றுமே அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காகப் பொங்கல் பானையை யாரும் இறக்கி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

எல்லா விலக்கையும் ஒன்றாகப் பார்த்தால் நாளே மிஞ்சாது, ஐயர்மாருக்கும் அது தெரியும். அதனால்தான் நாள் விதைப்பு என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல நாளில் நல்ல நேரத்தில் வயலின் ஒரு மூலையில் ஒரு கை நெல்லை எறிந்துவிட்டு வந்துவிடலாம், மிச்சத்தை மழையும் உழவு இயந்திரமும் கிடைக்கிற நாளில் விதைக்கலாம். காலபோகத்துக்கு ஐப்பசி மழை ரோகிணியைப் பார்த்துப் பெய்யாது. வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வருகிற இடத்திலும் இதுதான் வழி, நாளுக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு மேசன் வருகிற அன்றைக்கு வேலையைத் தொடங்கலாம். பயணம் போகிறவர் நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைப்பதும் இதே உத்திதான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற ஆளுக்கு மட்டும் இராகு, எமகண்டம் ஒன்றும் பார்க்கக்கூடாது, அதில் எந்தச் சாத்திரியாரும் என்னோடு சண்டைக்கு வரமாட்டார்.

கடைசியாக வெளிநாட்டு விஷயம், ஏனென்றால் கனடாவிலிருந்து அக்காவோ சித்தப்பாவோ போன் எடுத்து "அங்கே கலண்டரில் பார்த்துச் சொல்லு" என்று கேட்பது இங்கே வழமை. திதியும் நட்சத்திரமும் உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறுகின்றன, அதனால் நம் நேரத்தை அவர்கள் நேரத்துக்கு மாற்றினால் போதும். ரொறொன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் கழியுங்கள். இங்கே பின்னேரம் 3.12-க்குத் தசமி முடிந்தால் கோடையில் அங்கே அன்று காலை 5.42-க்கே முடிந்துவிடும், அவர்கள் எழும்பும்போது ஏகாதசி. இராகு காலத்தை மட்டும் இப்படி மாற்றவும் கூடாது, நம் கலண்டரில் உள்ளபடி சொல்லவும் கூடாது. அது அவரவர் ஊரின் சூரியனைப் பொறுத்தது. ஆனித் தொடக்கத்தில் ரொறொன்ரோவில் பகல் பதினைந்தரை மணித்தியாலம், இராகு ஏறத்தாழ 116 நிமிஷம் இருக்கும். மார்கழியில் பகல் ஒன்பது மணித்தியாலம்கூட இல்லை, இராகு 67 நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த ஊர் உதயத்தையும் அஸ்தமனத்தையும் கைபேசியில் பார்த்து எட்டால் பிரிக்கச் சொல்லுங்கள், இங்கே கலண்டர் கிழிக்கத் தேவையில்லை.